அந்த ரோட்டைப் போட்டது யார்?

ஸ்காட்லாந்தில் கிராவல் பைக், அதாவது சரளை ரோட்டுக்கென்றே செய்த அகல டயர் சைக்கிள், ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். முதலாவது சட்டம். 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற வரை, நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குதிரையில் போகிறவர் எல்லோருக்கும் ஏறக்குறைய எல்லா நிலத்திலும் போய்வரும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் மாதிரி சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். இங்கிலாந்தில் இது நடைபாதை, இது குதிரைப்பாதை என்று மேப்பை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிற தொல்லை எல்லைக்கு வடக்கே கிடையாது. இரண்டாவது, மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகும் காட்டு ரோடுகள். இந்த இரண்டையும் கூட்டினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் கணக்கு வரும். அந்தக் கணக்குதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. போகும் உரிமையைச் சட்டம் தந்துவிட்டது. போவதற்கு ரோடு இருக்கிறதா என்பது சட்டத்தின் கவலை இல்லை.

ரூட் போடும் மொபைல் ஆப்பில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் நீலக் கோடு வந்துவிடுகிறது. 70 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்று கணக்கும் போட்டுத் தருகிறது. அந்தக் கோட்டில் 1731-ல் சிப்பாய்கள் போட்ட ரோடு, 1970-களில் மர லாரிக்காகப் போட்ட ரோடு, மான் வேட்டைக்காகப் புல்டோசரால் வழித்த தடம், பழைய ரயில் படுகை எல்லாம் ஒரே நிறத்தில்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு உலகங்கள் அவை. ரூட் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ரோட்டை யார், எந்தச் சுமைக்காகப் போட்டார்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். சரிவு எவ்வளவு இருக்கும், கல் எப்படி இருக்கும், எந்த மாதத்தில் மூடுவார்கள், முக்கியமாக அது எங்கே போய் நிற்கும் என்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள் இருக்கிறது.

ரோடு முடிகிற இடம்

காட்டு ரோட்டிலிருந்தே ஆரம்பிப்போம். முதல் உலகப் போரில் மரத்துக்குத் தவித்துப்போன பிரிட்டன், 1919-ல் ஃபாரஸ்ட்ரி கமிஷனைத் தொடங்கியது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்புரூஸ் மரத்தை மலைமலையாக நட்டார்கள். சுமார் 40 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் மரம் அது. வெட்டிய மரத்தை ஏற்றிப்போகப் போட்ட ரோடுகளில்தான் இன்று கிராவல் பைக்குகள் ஓடுகின்றன. 44 டன் லாரி ஏறி இறங்க வேண்டும் என்பதால் சரிவு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. வளைவுகள் அகலமாக இருக்கும். அடிக்கல் அழுத்தமாக இருக்கும். ட்வீட் பள்ளத்தாக்கில் பீபிள்ஸ் பக்கத்தில் இருக்கும் கிளென்ட்ரெஸ் காட்டிலோ, அபர்ஃபாயிலைச் சுற்றியுள்ள ஆர்ட் ஏரிக் காட்டிலோ இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஏறினாலும் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

ஆனால் லாரி ரோடு இன்னொரு ஊருக்குப் போவதற்காகப் போட்டதில்லை. மரம் இருக்கும் இடம் வரை போய், லாரி திரும்ப ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்றுவிடும். வெட்டிய மரத்தை ரோடு வரை இழுத்துவர ஃபார்வர்டர் என்கிற பெரிய சக்கர வண்டி இருக்கிறது. அது சில நூறு மீட்டர் காட்டுக்குள் தானாகவே போய்வரும். அதனால் ஒரு மலையின் இரு பக்கத்திலிருந்தும் வரும் இரண்டு ரோடுகளை நடுவில் சேர்க்க யாருக்கும் அவசியம் இல்லை. இந்தப் பக்க வட்டத்திலிருந்து அந்தப் பக்க வட்டத்துக்கு மேப்பில் 400 மீட்டர்தான் இருக்கும். ரூட் போடுகிறவர் விரலால் ஒரு கோடு இழுத்து இணைத்துவிடுவார். அந்த 400 மீட்டரில்தான் அன்றைய திட்டமே குலையும்.

அங்கே என்ன இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஈரம் ஊறிய கரிமண் (பீட்) நிலத்தில் சிட்கா நடுவதற்கு முன்னால் ஆழமான கலப்பையால் உழுதிருப்பார்கள். முழங்கால் ஆழத்துக்கு ஒரு சால், அதை ஒட்டி ஒரு வரப்பு, மறுபடி ஒரு சால் என்று நீங்கள் போகும் திசைக்குக் குறுக்காகவே வரிசை நிற்கும். மரம் நிற்கிற இடமென்றால் கீழ்க்கிளைகள் காய்ந்துபோய் முள்வேலி மாதிரி பின்னிக்கிடக்கும், ஹேண்டில்பார் நுழையாது. வெட்டிய இடமென்றால் அடிக்கட்டைகளும், கழித்துப்போட்ட கிளைகளின் குவியலும். கிளைக்கு நடுவே காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும். காட்டை நடுவே பிரித்து விட்டிருக்கும் நடாத சந்து சாட்டிலைட் படத்தில் அழகான பச்சைப் பாதையாகத் தெரியும். நேரில் அது மூர்ப் புல் குத்துக் குத்தாக வளர்ந்து, நடுவில் தண்ணீர் மறைந்து நிற்கும் சதுப்பு. பைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். இத்தனையும் தாண்டினால் கடைசியில் ஆள் உயர மான் வேலி ஒன்று இருக்கும்.

ஆகவே ரூட்டைச் சரிபார்க்கும்போது நல்ல ரோட்டில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரிட்டனின் அரசு மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 மேப்பில் இரட்டைக் கோடு என்றால் வண்டித் தடம். ஒற்றை விட்டுவிட்ட கறுப்புக் கோடு என்றால் பாதை. இரண்டு தடங்களுக்கு நடுவில் அந்த விட்டுவிட்ட கோடாவது இருக்க வேண்டும். அடுத்து, ஆட்கள் ஓட்டிய தடங்களைக் காட்டும் ஹீட்மேப். இணைப்பில் கோடு சீராகப் போகிறதா, வட்டத்தின் ஓரத்தில் ஈசல் மாதிரி சிதறுகிறதா என்று கவனியுங்கள். சிதறியிருந்தால் நிறையப் பேர் தேடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சாட்டிலைட் படத்தை நம்பும் முன் அதன் தேதியைப் பாருங்கள். 2021 நவம்பரில் வந்த ஆர்வென் புயல் கிழக்கு, தெற்கு ஸ்காட்லாந்தில் காடுகாடாகச் சாய்த்துப்போட்டது. அதற்கு முந்தைய படத்தில் தெரியும் பாதை இன்று மரத்துக்கு அடியில் இருக்கலாம். எதுவும் தேறவில்லை என்றால் அந்த மலையை விட்டுவிட்டுச் சுற்றிப் போவதே மேல். 12 கிலோமீட்டர் கூடுதல் ரோடு 40 நிமிடத்தில் முடிந்துவிடும்.

‘மரம் வெட்டுகிறார்கள், உள்ளே வராதீர்கள்’ என்ற பலகையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உரிமை இருக்கிறதே என்று சிலர் பலகையைத் தாண்டிப் போகிறார்கள். உரிமையோடு சேர்ந்து வந்த நடத்தை விதிகளே அந்தப் பலகையை மதிக்கச் சொல்கின்றன. மரம் வெட்டும் வண்டியான ஹார்வெஸ்டரின் அறுப்புச் செயின் அறுந்தால் அதன் துண்டு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பறக்கும். வண்டிக்குள் இருப்பவருக்குக் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெரும்பாலும் வேலை நடக்காது, ஆனால் அதைப் பலகை சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

கல்லுக்கு ஏற்ற காற்று

காட்டு ரோட்டுக்கான கல்லை வெளியூரிலிருந்து கொண்டுவருவதில்லை. அந்தக் காட்டிலேயே ஒரு குழி தோண்டி உடைத்துப் போடுகிறார்கள். அதனால் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதுதான் டயருக்கு அடியிலும் இருக்கும். தெற்கு மலைகளில், அதாவது ட்வீட் பள்ளத்தாக்கிலும் கேலவேயின் பெரும் பகுதியிலும், அது கிரேவாக் என்ற பாறை. உடைந்தால் விளிம்பு சில்லுச் சில்லாகக் கூர்மையாக நிற்கும். புதிதாகக் கல் கொட்டிய ரோட்டில், லாரிகள் ஓடி அமுக்கும் வரை, டயரின் பக்கச் சுவரைக் கிழிப்பது அதுதான். கெயர்ன்கார்ம் பக்கம் கிரானைட். அது காலப்போக்கில் பொரிந்து பெருமணலாக உதிரும். டயர் கிழிவது குறைவு, ஆனால் வளைவில் முன்சக்கரம் வழுக்கும். மழையில் அந்தக் குவார்ட்ஸ் மணல் செயினுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் போய் உப்புத்தாள் வேலை செய்யும்.

75 கிலோ எடையுள்ளவர், 45 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்று வைத்துக்கொண்டால், முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம். கிரேவாக் ரோட்டில் பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் ரிம் கல்லில் இடிக்கும். பைகளோடு போனால் இன்னும் கொஞ்சம். 40 மி.மீ.-க்குக் கீழான டயரோடு வருகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அவர்கள் ரூட்டில் மூன்றில் ஒரு பங்கை அனுபவிக்காமல் சகித்துக்கொண்டுதான் முடிப்பார்கள். சக்கரத்துக்கு 60 முதல் 80 மி.லி. ஸீலன்ட், அதாவது ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம். இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், ஆகவே பயணத்துக்கு முன் அடித்து நிரப்புங்கள். ஐந்து ஆறு மி.மீ. கிழிசல் வரை, ஓட்டையில் செருகும் பிளக் நிற்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பிளக்கை நம்ப முடியாது. உள்ளே ஒரு பட்டை வைத்து டியூப் போட வேண்டியதுதான். அதற்கு டியூப்லெஸ் வால்வைக் கழற்றியாக வேண்டும். கடையில் இடுக்கி போட்டு முறுக்கிய வால்வு நட்டு, மழையில் விறைத்த விரலுக்கு அசையாது. வீட்டிலேயே அதைத் தளர்த்திக் கையால் மட்டும் திருகி வையுங்கள்.

பிரேக் பேட் விஷயத்தில் விவாதமே வேண்டாம்: உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட். பிசின் கலந்து செய்த ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், உண்மைதான், ஆனால் ஈரக் கிரானைட் மணலில் புது ஜோடி ஒரே நாளில் தேய்ந்துபோவது சாதாரணம். உராயும் பகுதி அரை மி.மீ.-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு உலோகத் தகடு டிஸ்கைத் தின்னும். ஹைலேண்ட் என்கிற வடக்கு மலைப்பகுதியின் கிராமக் கடையில் பால், ரொட்டி, கொசு மருந்து எல்லாம் கிடைக்கும். உங்கள் பிரேக் காலிப்பருக்குப் பொருந்தும் பேட் கிடைக்காது. இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். கியரில் குறைந்தபட்சம் ஒன்றுக்கு ஒன்று: முன்னால் 40 பல் என்றால் பின்னால் 40-க்குக் குறையாமல். காட்டு ரோட்டுக்கு இது தாராளம். மான் வேட்டை எஸ்டேட்டுகளின் தடத்துக்கு இதுவும் போதாது.

சிப்பாய், மாடு, ரயில், தண்ணீர்

கோரியாரிக் கணவாயைப் பற்றி ஆசையோடு கேட்பார்கள். ஜெனரல் வேட் 1731-ல் போட்ட ராணுவ ரோடு, ஃபோர்ட் அகஸ்டஸிலிருந்து லாகன் வரை, உச்சி 770 மீட்டர். ஹைலேண்ட் கலகக்காரர்களை அடக்கப் போட்ட ரோட்டை 1745-ல் கலகக்காரர்களே முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. படை போவதற்காகப் போட்டது என்பதால் சரிவுக்குத் தாட்சண்யம் இல்லை. மூன்று நூற்றாண்டு மழை மண்ணை அரித்துக்கொண்டு போய், அடிக்கல் மட்டும் தலை தலையாகத் துருத்தி நிற்கிறது. தெற்கே இருக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தள்ள வேண்டும், இறங்கும்போது கை மரத்துப்போகும். மலை பைக்குக்கு அது நல்ல ரோடு. கிராவல் பைக்குக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் வரலாற்றின் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மாட்டு மந்தைகளை ஓட்டிப்போன பாதைகள் நேர்மாறு. ட்ரக்வேரிலிருந்து மின்ச் மூர் மேல் ஏறி, முகடு முகடாக யேர் வரை போகும் பாதை அப்படிப்பட்டது; இப்போது சதர்ன் அப்லேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையின் ஒரு பகுதி. மாடு மேய்ந்துகொண்டே நடக்க அகலம் வேண்டும், கால் புதையாத தரை வேண்டும். அதனால் முகட்டைப் பிடித்துப் போகிறது, தண்ணீர் இரு பக்கமும் வடிந்துவிடுகிறது. முதல் ஏற்றம் கடுமை, பிறகு கோடையில் அத்தனை கிலோமீட்டரும் புல்லும் சரளையும்தான்.

ரயில் படுகைக்கு ஒரே குறை, அலுப்பு. ஆனால் அலுப்பே சில நாள் வரம். கிளென் ஓகிள் மேலே காலண்டர்–ஓபன் ரயில் பாதை 60-க்கு 1 என்ற சரிவில் ஏறியது. 1965 செப்டம்பரில் பாறை சரிந்து, ஏற்கெனவே மூடவிருந்த பாதை சில வாரம் முன்கூட்டியே மூடியது. இன்று அது தேசிய சைக்கிள் ரூட் 7. எதிர்காற்றிலும் மூச்சு வாங்காமல் ஏறலாம். ரயில் படுகையில் கவனிக்க வேண்டியது பாலங்களை: பழைய பாலத்தை எடுத்துவிட்ட இடங்களில் சுவர் மாதிரி இறங்கி, ரோட்டைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். கேட்ரின் ஏரியின் வடகரை ரோடும் இந்தச் சாந்த வகைதான். 1859 முதல் கிளாஸ்கோவுக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி. கரை ரோட்டில் பொதுமக்களின் கார் கிடையாது. பெரும்பாலும் தார்தான், ஆனால் அபர்ஃபாயில் காட்டு ரோடுகளோடு சேர்த்தால் ஒரு நாளுக்கு அருமையான வட்டம்.

புதிதாக முளைக்கும் சின்ன நீர்மின் திட்டங்களின் ரோடு மேப்பில் ஆசை காட்டும். ஓடையில் தண்ணீர் எடுக்கும் இடம் வரை செங்குத்தாக ஏறி, கான்கிரீட் தொட்டியில் முடியும். அதை நம்பி ரூட் போடாதீர்கள். காற்றாலை ரோடு பரவாயில்லை; கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஒயிட்லீயில் 215 காற்றாலைகளைச் சுற்றி 130 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். மூடுபனி இறங்கினால் எல்லாச் சந்திப்பும் ஒரே மாதிரி இருக்கும் என்பது மட்டும்தான் சிக்கல்.

கிளென் டில்ட்: எந்தப் பக்கத்திலிருந்து?

யார், எதற்காகப் போட்டார்கள் என்ற கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிளென் டில்ட்டில் வைத்துப் பார்க்கலாம். பிளேர் ஏதாலுக்கும் பிரேமாருக்கும் இடையே, ஒரு புவிப்பிளவு போட்ட நேர்கோட்டில் கிடக்கும் பள்ளத்தாக்கு. 1847-ல் எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் தன் மாணவர்களோடு வந்தபோது ஏதால் பிரபு வழிமறித்தார். வழக்குப் போடும் அளவுக்கு விஷயம் முற்றியது. இன்றைய 2003 சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நீண்ட சண்டையில் பேர்பெற்ற மோதல்களில் ஒன்று அது.

இரு முனையிலும் எஸ்டேட் தடம். நடுவில் இரண்டையும் இணைப்பது நடைபாதை மட்டுமே. எஸ்டேட் தடம் வேட்டை விடுதிக்கும் மான் சடலம் இறக்குவதற்கும் போட்டது. விடுதி தாண்டிச் சில கிலோமீட்டரில் அதன் வேலை முடிந்தது. ஆகவே கேள்வி, இணைப்பை எந்தத் திசையில் கடப்பது? பிளேர் ஏதாலிலிருந்து கிளம்பினால் ஃபாரஸ்ட் லாட்ஜ் வரை சுகமாகப் போவீர்கள். பிறகு பாதை குறுகி ஆற்றுக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டு ஏறும். மேட்டுப் பக்கப் பெடல் மண்ணில் தட்டும், பள்ளப் பக்கம் ஆறு. அதை முடித்து, களைத்து, மாலையில் கெல்டி ஓடைக்கு வந்து நிற்பீர்கள். அங்கே பாலம் இல்லை. மேலே மழை பெய்திருந்தால் கடக்க முடியாது. வந்த வழியே திரும்ப 30 கிலோமீட்டர்.

பிரேமாரிலிருந்து வந்தால் எல்லாம் தலைகீழ். பிரேமார் பக்கத்து லின் ஆஃப் டீயிலிருந்து ஒயிட் பிரிட்ஜ் வரை நல்ல தடம், பிறகு கெல்டி. முதல் ஒரு மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். முழங்காலுக்கு மேல், கலங்கி ஓடினால் திரும்பி பிரேமாரில் காப்பி குடிக்கலாம். கடக்கலாம் என்றால் பைக்கை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றாமல் கடங்கள். வெறுங்காலில் உருளைக்கல் வழுக்கும். அடுத்து பைனாக் ஓடை, இடிந்த பைனாக் லாட்ஜ், பிறகு நீர்ப்பிரி மேடு. அங்கிருந்து பாதை மொத்தத்தில் இறக்கம். டார்ஃப் அருவியில் பெட்ஃபோர்ட் பாலம்: 1879-ல் இங்கே மூழ்கி இறந்த ஓர் இளைஞனின் நினைவாக 1886-ல் கட்டியது. டார்ஃப் ஓடையில் யாரும் இறங்கிக் கடக்கத் துணியக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பாலத்துக்குக் கீழேயும் சில கிலோமீட்டர் குறுகல்தான். இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடம் மறுபடி கிடைத்ததும் வேகம் கூடும். அப்போது குறுக்கே போகும் வடிகால்களைக் கவனியுங்கள். தடத்துக்குக் கோணலாகக் கல் பதித்திருப்பார்கள். சக்கரம் செங்குத்தாகச் சந்திக்கும்படி திருப்பி, சீட்டிலிருந்து உடலெடையைத் தூக்கிக்கொள்ளாவிட்டால் பின்டயர் ரிம்மோடு நசுங்கும்.

லின் ஆஃப் டீயிலிருந்து பிளேர் ஏதால் வரை ஐந்து மணி நேரம் ஒதுக்குவது நியாயம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் 20 வரை ஆண் மான் வேட்டை மும்முரமாக நடக்கும்; தடத்தை விட்டு விலகாமல் பள்ளத்தாக்கோடு போகிறவரை பொதுவாக யாரும் தடுப்பதில்லை, எஸ்டேட் வைத்திருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டால் போதும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய, காற்று நின்ற இடத்தில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சி முகத்தில் அப்பும். தலைக்கு வலை கொண்டுபோங்கள். மே மாதமே இதற்கு நல்ல காலம், ஆனால் மேலே பனி உருகும் நாள்களில் ஓடை மாலையில் ஏறும், காலையில் இறங்கும். அதற்கும் பிரேமார் பக்கத்திலிருந்து சீக்கிரம் கிளம்புவதே பொருத்தம்.

பிரேமாருக்கு ரயில் இல்லை. டீசைட் ரயிலே பாலட்டரோடு நின்றது, அதுவும் 1966-ல் மூடிவிட்டது. மூடிய அந்தப் படுகைதான் இன்று பெரும்பாலும் டீசைட் வே: அபர்டீனிலிருந்து பாலட்டர் வரை 66 கிலோமீட்டர், ஏறுவதே தெரியாமல் ஏறலாம். முதல் நாள் அதில் வந்து பாலட்டரிலோ பிரேமாரிலோ தங்கி, மறுநாள் காலையில் கெல்டியைப் பார்த்துவிட்டு, மாலையில் பிளேர் ஏதாலில் பெர்த் போகும் ரயிலைப் பிடிக்கலாம். பைக்குக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், அந்த ரயில்களில் இடம் கொஞ்சம்தான்.